பெயர் போடாத வீடியோ

செல்லக்கிளியின் வீடியோக்களில் முகம் வராது. ஒரு மர மேசை, மேசைமேல் கழற்றிப் போட்ட மிக்ஸி, அதற்குள் வேலை பார்க்கும் இரண்டு கைகள், அவ்வளவுதான். இடது கைச் சுண்டுவிரலில் எப்போதும் ஒரு துணிப் பட்டை சுற்றியிருக்கும். காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த விரல் மடங்கியே இருக்கும், நிமிராது. மேலூரில் ஒரு சாயங்காலம் அவள் புருஷன் முத்திருளன் முறுக்கியது. கல் குவாரியில் கிரேன் ஓட்டுகிறவன். கைக்கு நல்ல பலம்.

அவனைவிட்டு வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கு முன்னால் ஒருமுறை போலீசுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி ஒன்றாகவே பஸ் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் வாங்கிய அடிக்குப் பிறகு, இனி எவரிடமும் சொல்வதில்லை, போய்விடுவதுதான் என்று முடிவெடுத்தாள். மதுரைக்குள் வந்து காளவாசலில் இறங்கினாள். மேலூருக்கும் காளவாசலுக்கும் நடுவில் ஒரு நகரமே இருக்கிறது. அந்த நெரிசல்தான் அவளுக்கு மறைவு.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஸ்டீபன் அவளுக்கு வேலை கொடுத்தார். முதலில் ஜார் கழுவுகிற வேலை. பிறகு பிளேடு மாற்றினாள், கார்பன் பிரஷ் மாற்றினாள். வருஷம் திரும்புவதற்குள் மோட்டாரையே பிரித்து மாட்டினாள். புருஷனைவிட்டு வந்தவள், அவன் கண்ணில் படக்கூடாது என்பதுவரை ஸ்டீபனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. முழுப் பெயர் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், கடையில் அவள் பெயர் ‘கிளி’ மட்டும்தான்.

வீடியோ போடலாம் என்று சொன்னது ஸ்டீபன்தான். பழுதானால் புது மிக்ஸி வாங்கிவிடுகிறார்கள், கடைப் பக்கம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கையை மட்டும் காட்டி, பேச்சில்லாமல், பாட்டுப் போட்டு அவள் சில வீடியோக்கள் எடுத்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் கொஞ்சம், நிம்மதி நிறைய.

பிறகு பெர்சி வந்தாள். ஸ்டீபனின் அண்ணன் மகள். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளும் துணிக்கடைகளும் போடுகிற வீடியோக்கள், ஜனங்கள் தேடும்போது முதலில் வந்து நிற்கும்படி செய்வதுதான் அவள் தொழில். சித்தப்பா கடையின் வீடியோக்களைப் போனில் பார்த்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னக்கா தலைப்பு இது? ‘மிக்ஸி மோட்டார் பராமரிப்பு முறைகள்’. இப்படி யாரு தேடுவா? சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்னுபோச்சு. அவசரத்துல போனை எடுத்து வாய்கிட்ட வச்சு என்ன சொல்லுவீங்க?”

செல்லக்கிளி யோசித்தாள். “மோட்டார் ஓடுது, ஜார் சுத்தலன்னு சொல்லுவேன்.”

“அதேன் தலைப்பு! அவங்க வாயில வர்ற வார்த்தையே மேல இருக்கணும். கீழ எழுதுறதுலயும் முதல் வரியில அதேன் வரணும்.”

தலைப்பை மாற்றியதும் நூறு பேர் பார்த்தார்கள். அடுத்து, நீங்கள் பேச வேண்டும் என்றாள் பெர்சி. பேசினால் அந்தப் பேச்சையே இயந்திரம் எழுத்தாக்கிப் படித்துக்கொள்ளும், யாராவது தேடினால் அதைப் பார்த்துத்தான் எடுத்துக் காட்டும், ஊமைப் படத்தை அது எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று கேட்டாள்.

“எங்குரல் வேணாம் பாப்பா.”

“ஏன்க்கா? எம்புட்டு அழகா சொல்லித் தர்றீங்க.”

செல்லக்கிளி திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து, தொண்டையைத் தாழ்த்தி, வேறு யாரோ மாதிரி பேசிப் பதிவு செய்தாள். பாதியில் தன்னை மறந்துவிட்டாள். “அட, இந்தப் பல்லுச் சக்கரம் தேஞ்சு கிடக்கு பாருங்க, இதேன் உங்க வில்லங்கம்” என்று தன் குரலிலேயே சொன்னாள். அந்த வீடியோவை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். “டீச்சர் மாதிரி சொல்றீங்க” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். செல்லக்கிளி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தன்னை ஒருவர் பாராட்டி எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

ஒரு நாள் பகலில் திருமங்கலத்திலிருந்து ஒரு பெண், மஞ்சள் பைக்குள் மிக்ஸியை வைத்து அணைத்தபடி கடைக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, “நீங்கதானே செல்லக்கிளி?” என்றாள்.

செல்லக்கிளியின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

“யாரு சொன்னா?”

“வீடியோவுக்குக் கீழ போட்டுருக்கே! மதுரை காளவாசல், மிக்ஸி மெக்கானிக் செல்லக்கிளின்னு. பொம்பளை ஒருத்தி மெக்கானிக்கா இருக்கான்னு பாக்கத்தேன் இம்புட்டுத் தூரம் வந்தேன்.”

அந்தப் பெண்ணின் மிக்ஸியை எப்படிச் சரிசெய்து கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கை தானாக வேலை பார்த்தது. வந்தவள் போனதும் ஸ்டீபனின் போனை வாங்கிப் பார்த்தாள். எழுத்துப் பிசகாமல் அவளுடைய முழுப் பெயர். பக்கத்திலேயே ஊர், இடம்.

“அண்ணே, இந்தப் பேரை யாரு குடுத்தது?”

ஸ்டீபன் நெற்றியைத் தேய்த்தார். “பெர்சி கேட்டுச்சு கிளி, அக்கா முழுப்பேரு என்னன்னு. கஸ்டமர் நின்னுக்கிட்டு இருந்தாரு, நான் ஏதோ ஞாபகத்துல...” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது.

வீடியோவின் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்த கருத்துகளையும் அவள் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றில் கண் நின்றது. படம் இல்லாத கணக்கு. பெயருக்குப் பதில் ஏதோ எழுத்துகளும் எண்களும். ‘காளவாசல்ல கடை எந்தப் பக்கம்? இவங்க தினமும் வருவாங்களா?’ என்று கேட்டிருந்தது. அதற்குக் கடையின் பெயரில் ஸ்டீபனே பதில் போட்டிருந்தார். மேம்பாலத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறக்கும், கடை போன் நம்பர் என்ன, எல்லாம். கடைசியில் ஒரு கும்பிடு.

“கஸ்டமர்னு நினைச்சேன்மா” என்றார் அவர்.

ஸ்டீபன் கூப்பிட்டதும் பெர்சி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வண்டியில் வந்து இறங்கினாள். கடைக்குள் கால் வைக்கும்போதே, “பேரு போட்டாத்தேன் நம்பிக்கையா வருவாங்கன்னு போட்டேன்க்கா, தப்பா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், செல்லக்கிளியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். செல்லக்கிளி விரலில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். விரலைக் காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ந்த குரலில், அழாமல், கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

பெர்சி போனை வாங்கினாள். முதலில் பெயரை எடுத்தாள்.

“எடுத்துட்டேன்க்கா. ஆனா தேடுற இடத்துல பழசு கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கிட்டேதேன் இருக்கும்.” போனில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். “ஒண்ணு பாக்கலாம். ஜனங்க என்ன வார்த்தையைப் போட்டுத் தேடி இந்த வீடியோவுக்கு வந்தாங்கன்னு ஒரு பக்கம் காட்டும். யாருன்னு காட்டாது. வார்த்தையை மட்டும் காட்டும்.”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஜார் சுத்தல. மிக்ஸி ஓடல. மிக்ஸி கருகின வாடை. மிக்ஸி ரிப்பேர் மதுரை. பெர்சியின் விரல் இன்னும் கீழே இறங்கியது. அங்கே இருந்தது.

செல்லக்கிளி மேலூர்.

கடைக்கு வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்தடியில் திரும்பின. மேலூர் என்ற சொல்லை அவள் எந்த வீடியோவிலும் சொன்னதில்லை, எழுதியதில்லை. அவளை அறிந்த யாரோ ஒருவர் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடியிருக்கிறார்கள்.

“வீடியோ எல்லாத்தையும் அழிச்சுரவாக்கா?”

“அழிச்சு? வழியத்தேன் அண்ணன் விவரமா எழுதிக் குடுத்துருச்சே” என்றாள் செல்லக்கிளி. ஸ்டீபன் தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு அறைக்குப் போனதும் பையில் துணிகளை எடுத்து வைத்தாள். திருச்சி, கோயம்புத்தூர் என்று மனதுக்குள் ஊர்களை அடுக்கிப் பார்த்தாள். எந்த ஊரானாலும் மறுபடி ஜார் கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி பேச்சில்லாமல், கிளியாகக்கூட இல்லாமல் இருக்க வேண்டும். பையை மூடினாள், ஆனால் தூக்க மனம் வரவில்லை. காலையில் அதை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தெருவைப் பார்த்தபடியே கழிந்தது. பைக் ஒன்று வேகம் குறைந்தால் அவள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். ஸ்டீபன் அவளைத் தனியாக விட்டு டீ குடிக்கக்கூடப் போகவில்லை. ஆனால் ஒரு கிரைண்டருக்கு அவசரமாகப் பெல்ட் தேவைப்பட்டது. “பத்து நிமிசத்துல வந்துருவேன் கிளி” என்று வண்டியை எடுத்தார்.

அவள் அப்போது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு மேலே கம்பியில் பொருத்திய போன், கீழே கைகளைப் பார்த்தபடி பதிவு செய்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு நிழல் விழுந்தது. பிறகு ஒரு மிக்ஸி தொப்பென்று வந்து அமர்ந்தது. பச்சை நிற மிக்ஸி, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அவளுடைய கல்யாணச் சீரில் அப்பா வாங்கிக் கொடுத்தது.

“ஓடமாட்டேங்குது. பாத்துக் குடு” என்றான் முத்திருளன்.

வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரியிருந்தான். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஒரு வாடிக்கையாளர். கத்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. அதன் திரை மேலே பார்த்திருந்தது. ஓரத்தில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

அவள் அந்த மிக்ஸியைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்தாள். அவன் கண்ணும் கூடவே இறங்கியது. திருப்புளியை எடுத்து முதல் திருகில் வைத்தாள்.

“எப்ப இருந்து ஓடல?” எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்விதான். குரல் மட்டும் யாருடையதோ போல் இருந்தது.

“நீ ஓடிப்போனயே, அன்னையில இருந்து. தூக்கி அடிச்சேன், செவுத்துல.”

“அப்படி அடிச்சா உடையத்தேன் செய்யும். என் விரலை முறுக்குன மாதிரி.”

முத்திருளன் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான். குரலைத் தாழ்த்தினான். “அது ஒரு விரலு. நீ தங்கியிருக்க சந்தும் தெரியும், பச்சைக் கதவும் தெரியும். நேத்தே வந்து பாத்துட்டுப் போயிட்டேன். நாளைக்குப் பையை எடுத்துக்கிட்டு எங்கூட பஸ் ஏறணும். மாட்டேன்னு வையி, இந்த ரெண்டு கையும் இனிமே ஒரு ஸ்க்ரூ திருப்பாது.”

அவள் திருகைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் அவன் நிமிர்வான். இரண்டாவது திருகு. மூன்றாவது. அது துருப்பிடித்து வர மறுத்தது. உள்ளங்கை வியர்வையில் திருப்புளி வழுக்கியது. வெளியே ஸ்டீபனின் வண்டிச் சத்தம் கேட்டது.

முத்திருளன் நிமிர்ந்து சட்டையை நீவிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தான். “அண்ணே, மிக்ஸி குடுக்க வந்தேன். நாளைக்கு வாரேன்.” போனின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அவன் பைக் பாலத்தடியில் மறைந்த பிறகு செல்லக்கிளி பதிவை நிறுத்தினாள். போனை ஸ்டீபனிடம் கொடுத்து, பெர்சியை வரச் சொன்னாள்.

பதிவைக் கேட்டதும் ஸ்டீபனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இதை அப்படியே போடு பெர்சி. ஊரே பாக்கட்டும் இவன் லட்சணத்தை.”

ஓடி வந்திருந்த பெர்சியின் கண்கள் சிவந்திருந்தன. “போடுறேன்க்கா. மேலூரு, கிரேன், முத்திருளன்னு போட்டு, அவன் பேரை எவன் எப்பத் தேடுனாலும் இதேன் முதல்ல வந்து நிக்கும். எனக்குத் தெரிஞ்ச தொழிலு இது ஒண்ணுதான். செஞ்சு காட்டுறேன்.”

செல்லக்கிளிக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அவன் குவாரியில், டீக்கடையில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எல்லார் போனிலும் அந்தக் குரல். பிறகு தலையை ஆட்டினாள்.

“வேணாம் பாப்பா. அவன் பேரைத் தேடுனா நானும் சேந்து வருவேன். என்னைத் தேடுனா அவன் வருவான். சாகுறவரைக்கும் அவன் பேருக்குப் பக்கத்துல எம்பேரு நிக்கணுமா? அதுக்கா அங்கிருந்து வந்தேன்?”

பெர்சி போனைக் கீழே வைத்தாள். “அப்ப எங்க ஆபீசுக்குப் பக்கத்துல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. இப்பவே போவோம்.”

அவர்கள் கிளம்பும்போது கடைப் போன் அடித்தது. ஸ்டீபன் எடுத்துக் கேட்டுவிட்டு, கையால் போனின் வாயை மூடிக்கொண்டு, “யாரோ முனீஸ்வரியாம்” என்றார்.

செல்லக்கிளியின் தங்கை. மேலூரில் முத்திருளனின் தெருவிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். தான் இருக்கும் இடம் தங்கைக்குத் தெரிந்தால் அவன் மிரட்டியே வாங்கிவிடுவான் என்றுதான் இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை அவளிடம் பேசாமல் இருந்தாள்.

“அக்கா! அந்தாளு அங்க வந்துருச்சா?” முனீஸ்வரி அழுதுகொண்டே பேசினாள். “எல்லாம் என்னாலதேன். ரெண்டு வருசமா உம்பேரைப் போட்டுத் தேடிக்கிட்டே இருந்தேன்க்கா. உசுரோட இருக்கியான்னுகூட யாருக்கும் தெரியல. போன வாரந்தேன் வீடியோ வந்துச்சு. கையப் பாத்தேன், குரலைக் கேட்டேன், நீதேன்னு தெரிஞ்சுபோச்சு. நேர்ல வரலாம்னு வீடியோவுக்குக் கீழ கடை எங்கன்னு கேட்டேன். முந்தாநாளு அந்தாளு வீட்டுக்கு வந்தப்ப எம்போன்ல உங்குரலு ஓடிக்கிட்டு இருந்துச்சு. போனைப் புடுங்கிக்கிட்டுப் போயிட்டாரு. கடை நம்பர் மனசுல இருந்துச்சு, ஆனா பேச ஒரு போன் கிடைக்க ரெண்டு நாளாச்சு.”

செல்லக்கிளி சுவரில் சாய்ந்துகொண்டாள். மேலூரிலிருந்து தன்னைத் தேடியது அவனில்லை, தங்கை என்பது மனதில் ஏறவே சற்று நேரம் பிடித்தது. கோபப்பட வேண்டிய இடம் என்று அறிவு சொன்னது. கோபம் வரவில்லை. “அழுகாத முனீசு. உன்னை அடிச்சானா?” என்று மட்டும் கேட்டாள்.

வக்கீல் கனகலட்சுமி பதிவை இரண்டு முறை கேட்டார். “இந்தப் போனைப் பத்திரமா வச்சுக்கங்க. எதையும் வெட்டாதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க” என்றார். அன்று மாலையே அவளைக் கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போனார். அந்தக் கட்டடத்தின் படியில் செல்லக்கிளிக்குக் கால் தயங்கியது. பழைய சமாதானப் பேச்சு நினைவுக்கு வந்தது. இந்தமுறை அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் பதிவை முழுக்கக் கேட்டார், விரலைப் பார்த்தார், வழக்கை எழுதச் சொன்னார்.

மறுநாள் அவன் சொன்னபடி வந்தான். கடைக்குள் ஸ்டீபனோடு இரண்டு பெண் போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருப்பதை எதிர்ப்புறத்திலிருந்தே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். திருப்பியவனை அடுத்த முனையில் காத்திருந்த போலீசார் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கையின் போன் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

கோர்ட்டில் பாதுகாப்புக் கேட்ட மனு விசாரணைக்கு வந்த அன்று முனீஸ்வரியும் சாட்சி சொல்லக் காத்திருந்தாள். வராண்டாவில் கூட்டம். அவன் ஜாமீனில் வந்து, தூணோரம் தன் பங்காளிகளோடு நின்றான். “புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும்” என்று இவர்கள் காதில் விழும்படி ஒருவர் சொன்னார். பெயர் கூப்பிடும் கோர்ட் டவாலி கதவருகே வந்து உரக்கக் கூப்பிட்டான். அவளுடைய பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் அந்த நீண்ட வராண்டாவில் எதிரொலித்தன. நூறு தலைகள் திரும்பின. செல்லக்கிளி எழுந்து நடந்தாள். அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டினாள்.

அவன் அவளுடைய அறைக்கோ கடைக்கோ வரக்கூடாது, போனிலோ வீடியோவின் கீழோ ஒரு வார்த்தை எழுதக்கூடாது, தங்கையையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். மற்ற வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பங்காளிகள் சமாதானத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். கனகலட்சுமி அவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்.

செல்லக்கிளி பச்சைக் கதவு வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்டீபன் வீட்டுக்கு அடுத்த தெருவில் அறை எடுத்தாள். பைக் வேகம் குறைந்தால் இப்போதும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கத்தான் செய்கிறாள். முனீஸ்வரி மாதம் ஒருமுறையாவது மேலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை முழுவதும் சொல்லிவிட்டுப் போகிறாள்.

சில வாரங்களுக்கு முன் பெர்சி மெல்லக் கேட்டாள். “அக்கா, பேரைத் திரும்பப் போடவா? கடையை எல்லாரும் உங்க பேரைச் சொல்லித்தேன் விசாரிக்கிறாங்க.”

செல்லக்கிளி வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இரு பாப்பா. கேஸ் முடியட்டும். அப்புறம் எம்பேரை வீடியோவுல நானே என் வாயால சொல்றேன், நீ எழுதிப் போடாத.”

“சரிக்கா” என்றாள் பெர்சி. கம்பியில் போனை மாட்டி, கோணம் சரிபார்த்து, விலகி நின்றாள். புகை வரும் மிக்ஸி ஒன்று மேசையில் திறந்து கிடந்தது. செல்லக்கிளி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.